காமு திருத்திய கணக்குகள்

சேசு மரி சூசை துணை

கிழக்கு தாம்பரம்
19-6-1988

அன்புள்ள சவுரி அண்ணனுக்கு,

தங்கை ஜோதி எழுதுகிறேன். அம்மா நன்றாக இருக்கிறாள்; முழங்கால் மட்டும்தான் அவள் பேச்சைக் கேட்பதில்லை. புனேயில் மழை பிடித்துவிட்டதா? அண்ணியின் இருமல் நின்றதா? பிள்ளைகள் தமிழ் மறக்காமல் இருக்கிறார்களா, இல்லை மராத்தியிலேயே சண்டை போடுகிறார்களா?

குரோம்பேட்டை பள்ளியில் இந்த வருஷம் எனக்குப் பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவுக் கணக்கைக் கொடுத்திருக்கிறார்கள். நாற்பத்திரண்டு பிள்ளைகள். பாதிப் பேர் பம்மல் தோல் பதனிடும் ஷெட்டுகளில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள். மீதிப் பேர் டியூஷனுக்குப் போகிறவர்கள்.

தாளாளர் வேதாசலம் சார் புதிதாக ஒரு திட்டம் கொண்டு வந்திருக்கிறார். "எத்தனை பேர் பாஸுன்னு பாக்கிறது பழைய முறை டீச்சர். பிள்ளைங்க எவ்வளவு ஏறினாங்கன்னு பாக்கணும்" என்கிறார். ஆசிரியர் அறைச் சுவரில் பெரிய சார்ட் தொங்குகிறது. அதில் எங்கள் எல்லோர் பெயரும் இருக்கிறது. காலாண்டுப் பரீட்சையில் வகுப்பின் சராசரிக்கு ஒரு புள்ளி, அரையாண்டுக்கு ஒரு புள்ளி, கடைசியில் பொதுப் பரீட்சைக்கு ஒன்று. மூன்றையும் சேர்த்துச் சிவப்புக் கோடு இழுப்பார்களாம். தற்காலிகமாக இருக்கிற மூன்று பேரில் யாருடைய கோடு அதிகம் ஏறுகிறதோ அவருக்கு நிரந்தர வேலை. மற்ற இரண்டு பேருக்கும் மே மாதத்தோடு கும்பிடு.

யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். ஒன்றும் தெரியாமல் வருகிற பிள்ளையை முப்பத்தைந்து வாங்க வைக்கிறவளுக்கு இதுவரை யார் மாலை போட்டார்கள்? ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது, அண்ணா. எனக்கு முப்பத்துநாலு வயது. ஏற்கெனவே இரண்டு பள்ளிகளில் "ஜூன்ல பாக்கலாம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். இங்கேயும் அனுப்பினால் இனி யார் சேர்ப்பார்கள்? நீங்கள் புனேக்கு வா என்பீர்கள். அம்மா தன் கோயிலை விட்டு நகர மாட்டாள்.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

தங்கை,
ஞானஜோதி

*

பிம்ப்ரி, புனே
3-7-1988

அன்புத் தங்கை ஜோதிக்கு,

அண்ணன் சவுரிமுத்து. இங்கே மழை கொட்டுகிறது, துணி காய்ந்து பத்து நாள் ஆகிறது. உன் அண்ணிக்கு இருமல் போய், இப்போது என்னைத் திட்டுவதற்கு முழுக் குரலும் வந்துவிட்டது. அம்மாவுக்கு நல்லெண்ணெய் தேய்த்துவிடு.

உன் சார்ட்டைப் படித்து நானும் உன் அண்ணி அருள்மேரியும் சிரித்தோம். அடிப் பைத்தியமே, இதற்கா பயப்படுகிறாய்? எங்கள் தொழிற்சாலையிலும் மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே கூத்துதான். "ஏப்ரல் மாத உற்பத்தியைவிட யார் எவ்வளவு கூட்டுகிறார்களோ அவர்களுக்குப் பதவி உயர்வு" என்றார்கள். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? ஏப்ரல் முழுக்க ஸ்பேனரைக் கையில் பிடித்துக்கொண்டு தூங்கினோம். மேயில் எழுந்தோம். உற்பத்தி பாய்ந்து ஏறிவிட்டது! மேனேஜர் லட்டு கொடுத்தார். உன் அண்ணன் சூபர்வைசர் ஆனது அந்த லட்டோடுதான்.

புரிகிறதா? மேலே ஏற வேண்டுமானால் கீழே நின்று ஆரம்பி. காலாண்டில் கையை இறுக்கு. யாரையும் ஃபெயில் ஆக்கப் போவதில்லை, நிஜப் பரீட்சை மார்ச்சில்தானே. வாத்தியாரம்மாவுக்கு இதைக்கூட நான் சொல்லித்தர வேண்டுமா?

அம்மாவுக்கு முத்தம்.

அண்ணன்,
சவுரி

*

சேசு மரி சூசை துணை

கிழக்கு தாம்பரம்
2-10-1988

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் மணியார்டரும் கடிதமும் கிடைத்தன. அம்மா புது எண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கிறாள். அண்ணியின் தம்பி வேலையில் சேர்ந்துவிட்டானா?

நீங்கள் சொன்னபடி செய்துவிட்டேன். காலாண்டு விடைத்தாள்களை இரண்டு தரம் திருத்தினேன். முதல் தரம் பென்சிலால் நிஜ மார்க்கை ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டேன். அடுத்தது சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். என் வகுப்பு சராசரி நிஜத்தில் ஐம்பத்திரண்டு. சார்ட்டில் முப்பத்தொன்று என்று புள்ளி வைத்தாயிற்று. வேதாசலம் சார் என் புள்ளியைப் பார்த்துவிட்டு, "பரவால்ல டீச்சர், உங்களுக்கு ஏற நிறைய இடம் இருக்கு" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஒன்று மட்டும் கொஞ்சம் உறுத்தல். டியூஷன் பிள்ளைகளிடம் அதிகம் குறைக்க முடியாது. அவர்களுடைய அப்பாக்கள் விடைத்தாளைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். அதனால் ரிப்போர்ட் கார்டில் கைநாட்டு வைக்கிற வீட்டுப் பிள்ளைகளிடம்தான் அதிகமாகக் குறைத்தேன். காமு என்று ஒரு பெண், அப்பா குப்பன் தோல் ஷெட்டில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்கிறவர். அவள் நிஜமாக வாங்கியது ஐம்பத்தெட்டு. சரியாகப் போட்ட ஏழு கணக்கை அடித்து, பத்தொன்பது என்று போட்டேன். அவள் எப்படியும் மார்ச்சில் அறுபதுக்கு மேல் வாங்குவாள். அவள் ஒருத்தியே என் கோட்டை ஒரு முழம் தூக்கிவிடுவாள்.

பாவமா இது, அண்ணா? சும்மா கேட்கிறேன்.

தங்கை,
ஜோதி

*

பிம்ப்ரி
16-10-1988

அன்பு ஜோதிக்கு,

எல்லோரும் சுகம். உன் அண்ணியின் தம்பி சேர்ந்த மூன்றாம் நாளே வேலை பிடிக்கவில்லை என்று வந்துவிட்டான். அந்தப் புராணம் தனி.

சபாஷ்! சவுரியின் தங்கை என்று நிரூபித்துவிட்டாய். பாவமாவது புண்ணியமாவது. அந்தப் பெண்ணுக்குக் கொஞ்சம் ரோஷம் வந்து நன்றாகப் படிப்பாள், அவ்வளவுதான். பாவசங்கீர்த்தனத்தில் இதைப் போய்ச் சொல்லி சாமியாரைச் சிரிக்க வைக்காதே. நிரந்தர ஆர்டர் வந்ததும் எனக்குத் தந்தி அடி.

அண்ணன்,
சவுரி

*

கிழக்கு தாம்பரம்
27-11-1988

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டிக்கொள்கிறேன். இங்கே மூன்று நாளாகப் புயல் மழை. முடிச்சூர் பக்கம் வயலெல்லாம் ஏரி மாதிரி இருக்கிறது. மின்சார ரயில் ஓடவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வீங்கி, ஒத்தடம் கொடுக்கிறேன்.

பள்ளியில் பொதுப் பரீட்சைக்குப் பெயர்ப் பட்டியல் தயாராகிவிட்டது. காலாண்டில் இருபதுக்குக் கீழே வாங்கியவர்களை இந்த வருஷம் அனுப்ப வேண்டாம் என்று வேதாசலம் சார் முடிவெடுத்தார். அடியில் இருப்பவர்களை எடுத்துவிட்டால் எல்லாருடைய கோடும் தானாக ஏறுமாம். இரண்டு பிரிவிலும் சேர்த்துப் பதினோரு பேருக்கு டி.சி. கொடுத்தார்கள். சில அப்பாக்கள் வந்து அழுது, கெஞ்சி, எழுதிக் கொடுத்து, நான்கு பேர் வகுப்புக்குத் திரும்பிவிட்டார்கள். ஏழு பேர் போய்விட்டார்கள். என் வகுப்பில் ஒருத்தி.

அண்ணிக்கு ஊறுகாய் அனுப்புகிறேன். அம்மாவின் கைப்பக்குவம். பாட்டில் உடையாமல் வந்ததா என்று எழுதுங்கள்.

ஜோதி

*

பிம்ப்ரி
18-12-1988

அன்பு ஜோதிக்கு,

பாட்டில் உடையாமல் வந்தது. ஊறுகாய் இரண்டே நாளில் காலி. அதைச் சொல்லி இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையும் இந்தத் தடவை உன்னிடமிருந்து வரவில்லை. ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் பத்துக்குள் வந்துவிடுமே. அம்மாவுக்கு உடம்பு எப்படி? உனக்கு ஏதாவதா?

உன் வகுப்பில் ஒருத்தி என்று எழுதினாய். யார் என்று எழுதவில்லை.

உடனே எழுது.

சவுரி

*

கிழக்கு தாம்பரம்
8-1-1989

அண்ணா,

அம்மா சுகம். நான் சுகமில்லை.

அது யார் என்று உங்களுக்குத் தெரிந்துதான் கேட்டீர்கள். காமுதான். நான் போட்ட பத்தொன்பதுதான். ஒரே ஒரு மார்க் கூடப் போட்டிருந்தால் அவள் பெயர் பட்டியலில் இருந்திருக்கும். பட்டியலை எழுதுகிற அன்று வேதாசலம் சார் என்னை நேராகப் பார்த்துக் கேட்டார், "இந்தப் பொண்ணு பத்தொம்பதுதானா டீச்சர், சரியா பாத்தீங்களா?" என்று. என் பைக்குள்ளே அந்தச் சின்ன நோட்டு இருந்தது. "சரியாத்தான் சார் பாத்தேன்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? ஒரு பேப்பரைத் திறந்தால் நாற்பத்திரண்டையும் திறக்கச் சொல்வார்களே என்ற பயம். சனியன் பிடித்த பயம், அண்ணா.

அவளுடைய அப்பா வந்தார். கை முழுக்கச் சுண்ணாம்பு வெடிப்பு. ஒரு வார்த்தை சண்டை போடவில்லை. "எத்தினியோ சொல்லிக் குடுத்தீங்க டீச்சர், அத்தோட தலைல ஏறல, இன்னா பண்றது" என்றார். டி.சி.யில் கைநாட்டு வைத்துவிட்டு எனக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

அத்தோடு முடிந்திருந்தால் நான் மறந்திருப்பேனோ என்னவோ. அடுத்த நாள் காலை ஜி.எஸ்.டி. ரோட்டில் பள்ளிக்கு எதிரே பஸ் ஸ்டாப்பில் அவள் சீருடையோடு நின்றுகொண்டிருந்தாள். அப்பா டி.சி. வாங்கியதை அவள் அம்மாவிடம் சொல்லவில்லையாம். அவளும் தினம் டிபன் பாக்ஸோடு கிளம்பி வருகிறாளாம். பிள்ளைகள் சொன்னார்கள். முதல் மணி அடிக்கும்வரை நிற்பாள். ஒரு மாதம் நின்றாள். நான் பின்வாசல் வழியாகப் போக ஆரம்பித்தேன்.

டிசம்பர் முதல் வாரத்தோடு அவள் வருவது நின்றுவிட்டது. அப்போதுதான் எனக்கு இது ஆரம்பித்தது. அட்டெண்டன்ஸ் எடுக்கிறேன். இருபத்து மூன்றாம் எண்ணில் அவள் பெயரைச் சிவப்பு மையால் அடித்திருக்கிறது. இருபத்திரண்டிலிருந்து இருபத்து நாலுக்குப் போக வேண்டும். என் வாய் இருபத்து மூன்று என்கிறது. கடைசி வரிசையிலிருந்து "உள்ளேன் டீச்சர்" என்று கேட்கிறது. "யாருடி அது?" என்று கத்துகிறேன். "யாரும் சொல்லல டீச்சர்" என்று பிள்ளைகள் முழிக்கிறார்கள். ஒரு தரம் இல்லை, நாலைந்து தரம் ஆகிவிட்டது. அவள் குரல்தான், அண்ணா. கொஞ்சம் கட்டின குரல். இப்போது நான் அட்டெண்டன்ஸ் எடுப்பதே இல்லை. ஒரு பெண்ணிடம் கொடுத்து எழுதச் சொல்கிறேன்.

இன்னொன்றும் உங்களிடம் சொல்லவில்லை. காலாண்டு விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்த அன்று அவள் மேஜைக்கு வந்தாள். "டீச்சர், இந்த ஏழு கணக்குல இன்னா தப்புன்னு தெர்ல" என்றாள். எல்லாப் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வேறு என்ன வரும்? "நீயே தேடிக் கண்டுபுடி, அப்பத்தான் மனசுல நிக்கும்" என்றேன். சரி டீச்சர் என்று போய்விட்டாள்.

இப்போது என்ன செய்யட்டும்? சிரிக்காமல் எழுதுங்கள்.

ஜோதி

*

பிம்ப்ரி
20-1-1989

ஜோதிம்மா,

உன் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. அண்ணியிடம்கூடக் காட்டவில்லை.

நான் உனக்குப் பாதிதான் எழுதினேன். சிரிக்க வைக்கிற பாதி. ஏப்ரலில் தூங்கினோம், மேயில் எழுந்தோம் என்றேன். எல்லோரும் எழவில்லை. ஏப்ரல் கணக்கைப் பார்த்த மேனேஜர், மிகவும் குறைந்தவர்கள் நாலு பேரை முப்பதாம் தேதியே நிறுத்திவிட்டார். அதில் ஒருவன் ஞானையா. நாசரேத் பக்கத்துப் பையன், எங்கள் ஷாப்பிலேயே வேகமான கை அவனுக்குத்தான். வேகமானவன் மெதுவாக ஆரம்பித்தால் ஏற்றம் பெரிதாகத் தெரியும் என்று நான்தான் அவனைச் "சும்மா உட்காருடா" என்று உட்கார வைத்தேன். அவன் கணக்கை எழுதியதும் நான்தான்.

அவன் மேனேஜரிடம் போய் நின்றபோது, அவன் கை நிஜமாகவே மெதுவா என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். பிறகு அவன் ஊரிலிருந்து நாலு கடிதம் எழுதினான், "அண்ணாச்சி, ஒரு வார்த்தை எழுதித் தாருங்கள், வேறு எங்காவது சேர்ந்துகொள்கிறேன்" என்று. நாலுக்கும் நான் பதில் போடவில்லை. ஐந்தாவது வரவில்லை. இன்றைக்கும் காண்டீன் வரிசையில் முன்னால் நிற்கிறவனின் பிடரியைப் பார்த்தால் அவன் மாதிரி இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு உனக்கு லட்டுக் கதை எழுதியிருக்கிறேன் பார். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நீ போய்ச் சொல்லிவிடு. நோட்டைக் காட்டு. பெயர் சேர்க்க இன்னும் தேதி இருக்கிறதா என்று கேள். வேலை போனால் போகட்டும். நான் இருக்கிறேன். நான் செய்ததைச் செய்யாதே.

அண்ணன்

*

கிழக்கு தாம்பரம்
12-2-1989

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு உங்கள்மேல் கோபப்பட்டேன். பிறகு நிறைய அழுதேன். அம்மா பயந்து ஜெபமாலையை எடுத்துவிட்டாள். நீங்கள் சாப்பிடாமல் இருக்காதீர்கள்.

வேதாசலம் சாரிடம் போனேன். கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டை மேஜைமேல் வைத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தார். திட்டுவார், வெளியே போ என்பார் என்று நின்றேன். "குறைச்சுப் போட்டீங்கன்னு எனக்குத் தெரியாதா டீச்சர்? எல்லாரும்தான் குறைச்சாங்க. நீங்க மட்டும்தான் எழுதி வெச்சிருக்கீங்க" என்றார்.

"அந்தப் பொண்ணு நல்லாப் படிக்கிறவ சார்" என்றேன். "பட்டியல் போய் ரெண்டு மாசமாச்சு. இப்ப இதைத் தொட்டா போன ஏழு பேரோட அப்பனும் வாசல்ல நிப்பான், அப்புறம் இன்ஸ்பெக்ஷன் வரும். அக்டோபர்ல தனித்தேர்வு இருக்கு, அங்க எழுதிக்கட்டும்" என்றார். நோட்டை மூடி என் கையிலேயே கொடுத்தார். "உங்க கோடுதான் முதல்ல இருக்கு. மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க" என்றார்.

தண்டனை கிடைத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அக்டோபருக்குக் காமுவை நானே தயார் செய்வேன். பணம் கட்டி, படிவம் எழுதி, தினம் அவள் வீட்டுக்கே போய்ச் சொல்லிக்கொடுப்பேன். அது ஒன்றுதான் இனி எனக்கு இருக்கிறது. அவள் பாஸ் ஆகிவிட்டால் போதும், அண்ணா.

ஜோதி

*

கிழக்கு தாம்பரம்
25-6-1989

அன்புள்ள அண்ணனுக்கு,

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் அன்பு. நீங்கள் நாசரேத்துக்குப் போய் ஞானையாவைத் தேடியதாக அண்ணி எழுதியிருந்தாள். அவன் எந்த ஊருக்குப் போனான் என்று அங்கே யாருக்குமே தெரியவில்லையா?

எனக்கு நிரந்தர ஆர்டர் வந்துவிட்டது. வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்வேன் என்று நினைத்தேன், சொல்லவில்லை. என் கோடு முப்பத்தொன்றிலிருந்து அறுபத்தாறுக்கு ஏறியது. எல்லோரும் கை தட்டினார்கள்.

பம்மலுக்குப் போவதற்குத்தான் இத்தனை நாள் ஆயிற்று. பிப்ரவரியில் எழுதினேனே தவிர, ஒவ்வொரு ஞாயிறும் பஸ் ஸ்டாப் வரை போய்த் திரும்பி வந்தேன். மே மாதம்தான் கால் நகர்ந்தது. காமு இப்போது ஒரு பட்டறையில் பெல்ட்டுக்கு வார் ஒட்டுகிறாள். விரலெல்லாம் பிசின். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "குட் ஈவினிங் டீச்சர்" என்றாள். எனக்கு அங்கேயே செத்துப்போகலாம் போல இருந்தது.

வீட்டில் குப்பனை வைத்துக்கொண்டே சொன்னேன். "நீ போட்ட ஏழும் சரி காமு. நான்தான் வேணும்னு தப்புப் போட்டேன். எனக்கு வேலை வேணும்னு செஞ்சேன்" என்றேன். ஒளிக்காமல் சொன்னேன், அண்ணா. குப்பன் சிரித்துவிட்டார். "இன்னா டீச்சர், எம்பொண்ணு மனசு நோவக் கூடாதுன்னு இப்டி சொல்லிகினு கீறீங்க. எந்த டீச்சராவது அப்டி செய்வாங்களா?" என்று டீ வாங்க ஓடினார்.

காமு உள்ளே போய் ஒரு கட்டு அட்டைத் துண்டுகளைக் கொண்டு வந்தாள். தோல் வெட்டி மிஞ்சின அட்டைகள். எல்லாவற்றிலும் கணக்கு. அந்த ஏழு கணக்கே, திரும்பத் திரும்ப. "நாலு மாசம் தேடினேன் டீச்சர். கண்டுபுட்சிட்டேன்" என்றாள். முகம் எப்படிப் பிரகாசமாக இருந்தது தெரியுமா! "இந்தக் கூம்புல மூணுல ஒரு பங்குன்னு எடுத்தேன் இல்ல, அதான் தப்பு. முழுசா எடுக்கணும்." சரியான வழியை அடித்துவிட்டுப் பக்கத்தில் தப்பான வழியை அழகாக எழுதியிருந்தாள். ஏழு கணக்குக்கும் அப்படியே. இல்லாத தப்பைத் தேடித் தேடி, ஒவ்வொன்றுக்கும் ஒன்றை உண்டாக்கிவிட்டாள், அண்ணா.

நான் விடவில்லை. காகிதத்தில் கூம்பு சுருட்டினேன். அதே வாய், அதே உயரத்தில் ஒரு டப்பாவைத் தேடி எடுத்தேன். கூம்பில் அரிசியை அள்ளி டப்பாவில் கொட்டச் சொன்னேன். மூன்றாவது தரம் டப்பா நிரம்பியது. "பாத்தியா? மூணு கூம்பு, ஒரு டப்பா" என்றேன். "ஆமா டீச்சர், அரிசி அப்டித்தான் கீது" என்றாள். "பரீட்சைக்கு வேற மாதிரி போல."

தினம் சாயங்காலம் போகிறேன். என் எதிரே சரியாகப் போடுகிறாள். அக்டோபருக்குள் மாற்றிவிடுவேன். ஜெபம் செய்யுங்கள்.

ஜோதி

*

பிம்ப்ரி
20-8-1989

அன்பு ஜோதிக்கு,

அனைவரும் சுகம். ஞானையாவின் வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். கேட்டதற்கு உதட்டைப் பிதுக்கினார்கள். அதற்கு மேல் எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

உனக்கு அவள் இருக்கிறாள். வீடு தெரியும், முகம் தெரியும். எப்படியாவது கரையேற்றிவிடு. பரீட்சைப் பணத்துக்கு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நான் கட்டியதாகவே இருக்கட்டும்.

அண்ணன்,
சவுரி

*

சேசு மரி சூசை துணை

கிழக்கு தாம்பரம்
15-10-1989

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மா ஜெபமாலையும் கையுமாக இருக்கிறாள். உங்கள் எல்லோரையும் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

இந்த வருஷக் காலாண்டுத் தாள்களுக்கு நிஜ மார்க்கே போட்டேன். என் புள்ளி ஐம்பத்தைந்தில் ஆரம்பிக்கிறது. வேதாசலம் சார் சார்ட்டைப் பார்த்து, "இனிமே எங்க டீச்சர் ஏறுவீங்க?" என்றார். ஏறாமல் போகட்டும் சார் என்றேன். அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பு எனக்கு இல்லை என்று தெரிகிறது.

காமுவுக்குக் கணக்குப் பரீட்சை போன புதன்கிழமை நடந்தது. தாம்பரத்தில்தான் சென்டர். லீவு போட்டுவிட்டு வாசலில் நின்றேன். கடைசி மூன்று வாரமும் அவள் ஒரு தப்புக்கூடச் செய்யவில்லை. கூம்புக் கணக்கு பத்துக் கொடுத்தேன், பத்தும் சரி. அவளே "மூணுல ஒரு பங்கு டீச்சர்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போட்டாள். எனக்கு ராத்திரி தூக்கம் வர ஆரம்பித்திருந்தது.

பன்னிரண்டரைக்கு வெளியே வந்தாள். ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தேன். கூம்பு வந்திருந்தது. பாடப் புத்தகக் கணக்குகள்தானே, அந்த ஏழில் ஐந்து அப்படியே வந்திருந்தது. "எப்படிம்மா போட்டே?" என்றேன்.

"மொதல்ல வூட்ல நீங்க சொல்லிக் குடுத்த மாதிரிதான் டீச்சர் போட்டேன். எல்லாத்தையும் போட்டுட்டேன். அப்பால டைம் இருந்துச்சு, யோசிச்சேன். அடிச்சிட்டு மாத்திட்டேன்" என்றாள்.

"ஏன்டி? ஏன் மாத்தினே?"

"வூட்ல சொன்னது எம்மேல பாவப்பட்டு சொன்னது டீச்சர். எனக்குத் தெரியும். கிளாஸ்ல சிவப்பு இங்கில போட்டீங்களே, அதான நெசம்." என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே பயந்துவிட்டாள். "தப்பா டீச்சர்?" என்று கேட்டாள்.

அண்ணா, அந்த இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? பரீட்சை முடிந்துவிட்டது. தாள் கட்டிப் போய்விட்டது. எதிர்ச் சாரியில் குப்பன் ஷெட்டுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டு நின்றுகொண்டிருந்தார். "இல்லம்மா, நல்லாத்தான் எழுதியிருக்கே" என்றேன்.

அவள் அப்பாவிடம் ஓடிப்போய் அதைச் சொன்னாள். அவர் அங்கிருந்தே எனக்குக் கும்பிடு போட்டார். இரண்டு பேரும் பம்மல் பஸ்ஸில் ஏறினார்கள். காமு ஜன்னலில் தலையை நீட்டிக் கை ஆட்டினாள், பஸ் திரும்பும்வரை.

ரிசல்ட் டிசம்பரில்தான் வரும். பாஸானால் டீச்சர் டிரெயினிங் சேரலாமா, அதற்கு எந்த ஊருக்குப் போக வேண்டும், ஹாஸ்டலில் என்ன போடுவார்கள் என்றெல்லாம் கேட்க வேண்டுமாம். வேலை முடிந்து தினம் சாயங்காலம் என் வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். நேற்றும் வந்தாள். இப்போதும் வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்கிறது. நான் எழுந்துபோய் அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும், அண்ணா.

உங்கள் தங்கை,
ஜோதி